மூடாத அலுமாரி

ஆடி, வெள்ளி இரவு.

மத்தியானம் எங்கள் பூனை செல்லிக்கு வலி வந்தது. முதல் குட்டி பாதியில் நின்றுவிட்டது. எட்டு மாத வயிற்றோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எப்போதும் அதை விரட்டும் மாமியார்தான் எழுந்து வந்தார்.

"பூட்டுனதெல்லாம் தெறந்து வுடு புள்ள. அப்பதான் குட்டி எறங்கும்."

கதவு, அலுமாரி, சீனி டின் வரை திறந்தோம். மாமி தன் கொண்டையையும் அவிழ்த்துவிட்டார். ஹந்தானை மலைப் பனி வீட்டுக்குள் மிதந்து வந்தது. அந்த வெள்ளைக்குள் எங்கேயோ ஒரு குட்டி கீச்சிட்டது.

இருட்டியதும் மாமி எல்லாவற்றையும் மூடினார். என் அலுமாரியை மட்டும் விட்டுவிட்டார்.

"இது கெடக்கட்டும். போன தடவ ஒனக்கு வலி வந்தப்ப நான் ஒண்ணையும் தெறக்கல."

இறந்து பிறந்த அந்தப் பிள்ளையைப் பற்றி மாமி இன்றுதான் வாய் திறந்தார்.

அலுமாரிக்குள் இன்னும் கொஞ்சம் பனி இருக்கிறது போல. சேலைகள் மெல்ல அசைகின்றன. என் வயிறும்.