பூங்காவுக்கு ஒரு மேய்ப்பன் தேவை

செப்டம்பர் 14
மழை. தேசியப் பூங்காவின் விளம்பர அதிகாரி தூலிக்கி வந்தாள். பின்லாந்தின் வடகோடியில் வாழும் எங்கள் சாமி இனத்து மான் மேய்ப்பர்களைப் பற்றிப் படம் எடுக்கிறார்களாம். நானும் ஹையிகா அண்ணனும் தலை வாரிக்கொண்டு போய் நின்றோம். மேலும் கீழும் பார்த்தாள்.

"தப்பா நினைக்காதீங்க சுன்னா. ஆரஞ்சுச் சட்டை, நாலு சக்கர வண்டி... பார்க்கறவங்களுக்கு மேய்ப்பர்னு தோணாதே."

மேய்ப்பனாக நடிக்கத் தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து நடிகன் வருகிறான். பிறந்ததிலிருந்து மான் மேய்க்கும் என் முகத்துக்கு என்ன குறை? மூக்கு கொஞ்சம் பெரிது. அவ்வளவுதானே?

செப்டம்பர் 20
நடிகன் பெயர் வில்யாமி. நம் நீல அங்கியை முன்பின்னாகப் போட்டிருந்தான். திருப்பிப் போட்டுவிட்டேன். அண்ணன் அவனிடம் பேசவே இல்லை.

செப்டம்பர் 24
பாவிங்களா! பாடுபட்டுக் கூட்டி வெச்ச மந்தை அத்தனையும் போச்சு! தலைக்கு மேல டிரோன் விட்டாங்க. மான்கள் மிரண்டு காட்டைத் தாண்டி, மரமில்லாத மேட்டுவெளியில் சிதறிவிட்டன. தூலிக்கி கைதட்டுகிறாள் — "என்ன இயற்கையான ஓட்டம்!"

ஏரி உறையத் தொடங்குவதற்குள் கூட்டியாக வேண்டும். மெல்லிய பனிக்கட்டியில் கால் வைத்தால் மான்கள் மூழ்கும். யாரிடம் போய்ச் சொல்வது?

செப்டம்பர் 25
படக்குழு கிளம்பிவிட்டது. நடிகன் மட்டும் வாசலில் நிற்கிறான்.

"என்னை வெச்சு எடுக்கப் போய்த்தானே ஓடுச்சு. நானும் தேட வரேன்கா."

"மானோட சேர்த்து இவனையும் தேடணுமா?" என்றான் அண்ணன், என்னைப் பார்த்து.

அக்டோபர் 3
வில்யாமி சதுப்பில் இடுப்புவரை புதைந்துவிட்டான். அங்கி கிழிந்தது. என் பழைய ஆரஞ்சுச் சட்டையைக் கொடுத்தேன். மறுபடி நடந்தான்.

அக்டோபர் 19
கடைசிக் கூட்டம் இறங்கி வந்தது. ஒரு தாயும் கன்றும் ஏரிக்குக் குறுக்கே ஓடின. பனிக்கட்டி உடைந்தது. எங்களால் எட்ட முடியவில்லை. வில்யாமி கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். நானும்தான்.

நவம்பர் 6
இரண்டாவது படத்துக்காகத் தூலிக்கி வந்தாள். பட்டியில் வில்யாமி யாருடைய மான் எது என்று பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தான். மூக்குத் தோல் உரிந்து, கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. அவளுக்கு அடையாளமே தெரியவில்லை.

"அய்யய்யோ வில்யாமி, மேய்ப்பன் களையே போயிடுச்சே!"

வேறு நடிகன் தேடப்போகிறாளாம். நான் சிரிப்பை மறைக்க இருமினேன்.

நவம்பர் 7
காலையில் அண்ணன் மூன்று கோப்பைகளில் காபி ஊற்றினான். ஒன்றை வில்யாமி பக்கம் நகர்த்தினான்.

"வடக்குச் சரிவு மானைப் பார்க்க இன்னைக்கு நீ தனியாப் போயிட்டு வாடா."

வில்யாமி என்னைப் பார்த்தான். நான் ரொட்டி வெட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.