திரையில் தெரிந்துவிட்ட வரி

செவ்வாய், இரவு

என்னிடம் பாட்டு கற்றுக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றிய சின்ன விஷயங்கள் மறந்துவிடும் என்று ஆன்லைனில் குறித்துவைக்கிறேன். இன்று வீடியோ வகுப்பில் வர்ணத்தின் ஸ்வரத்தைக் காட்டப்போய், அந்தக் குறிப்பைத் திரையில் காட்டித் தொலைத்தேன்.

'நித்யா: அம்மா பக்கத்தில் இருந்தால் குரல் எழும்பாது.'

நித்யாவின் அம்மா அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். படித்துவிட்டாள்.

"மழை வர்ற மாதிரி இருக்கு மிஸ். மாடில துணி காயுது, எடுத்துட்டு வந்துடறேன்."

எங்கள் இரண்டு வீடும் இருக்கிற அடையாறில் நல்ல வெயில்.

அவள் எழுந்து போனதும் நித்யா கணீரென்று பாடினாள். பின்னால் கதவோரம் அம்மாவின் புடவைத் தலைப்பு கடைசிவரை தெரிந்தது.

சற்றுமுன் அந்த வரிக்குக் கீழே, 'நாளை நித்யா அம்மாவிடம் பேச வேண்டும்' என்று சேர்த்தேன். மறக்கிற விஷயமா இது?