மடக்கு ஹெட்போனின் வலது பக்கம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், ஒரு சின்ன விஷயம் நீங்கலாக. அதை வரிசையாகத்தான் சொல்வேன், அவசரப்பட்டுக் கடைசி வரிக்குத் தாவாதே. நீ நலமா, குளிருக்கு அந்தத் தடிச் சட்டையைப் போடுகிறாயா? முதல் வேலையாக, எனக்கு மடக்கு ஹெட்போன் தேடி அங்கே கடை கடையாய் ஏறி இறங்குவதை இன்றோடு நிறுத்து.

நீ படிக்கும்போது வாங்கி எனக்கு விட்டுப்போன அந்தக் கறுப்பு ஹெட்போன் இரண்டு மாதமாக வலது பக்கம் ஊமையாகக் கிடக்கிறது என்று சொன்னேன் அல்லவா. அது சரியில்லை என்றால் எனக்குக் கை ஓடாது. விசாரணைப் பதிவுகளைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் பிழைப்பு. ஒரு சொல் தப்பினால் யாரோ ஒருவர் சொல்லாததைச் சொன்னதாகிவிடும். மடக்கினால் சாப்பாட்டுப் பையில் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் அடங்கிவிடும், விலையும் கையைக் கடிக்காது. அதே மாடல் கேட்டால் நாலு கடையிலும் ஒரே பாட்டு, கம்பெனியே அத நிறுத்திட்டாங்கம்மா என்று. சனிக்கிழமை ஐந்தாவது கடையில் ஒரு பெண் சலிக்காமல் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். மடங்குவதில்தான் எத்தனை விதம்! ஒன்று முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொள்கிறது, ஒன்று தட்டையாகத் திரும்பிக் குப்புறப் படுத்துக்கொள்கிறது. கீல் எங்கே இருக்கிறது என்று திறந்து மூடிப் பார்த்தே அரை மணி நேரம் போக்கினேன். இருப்பதில் மலிவாக ஒன்றை மாட்டினேன், வலது பக்கம் சத்தமில்லை. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதும். எனக்கு வந்ததே கோபம், ஓட்டைச் சரக்கை வச்சுக்கிட்டு யாருக்குக் காது குத்துறீங்க என்று கேட்டேவிட்டேன். அவள் முகம் சுளிக்கவில்லை, கொஞ்சம் திருப்பி மாட்டிப் பாருங்கம்மா என்றாள். எழுதியிருப்பதற்கு மாறாக உன் அம்மா எதையாவது செய்திருக்கிறாளா? வலது என்று போட்டிருப்பதை இடது காதில் வைக்கக் கூச்சமாக இருந்தது. வைத்தேன். சத்தமே வராத அந்தப் பக்கத்தில் பாட்டு கணீரென்று கேட்டது, இதுவரை கேட்ட பக்கம் ஊமையாகிவிட்டது. பையிலிருந்த நம் பழசையும் எடுத்துத் திருப்பி மாட்டினேன், அதுவும் கணீர். ஹெட்போனுக்கு ஒன்றுமில்லை. கேட்காதது என் வலது காது.

அழாதே. போனில் சொன்னால் பாதியிலேயே அழுவாய் என்றுதான் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். நரம்பு இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து வந்திருக்கிறதாம், போனது திரும்ப வராதாம், இடது காது நன்றாக இருக்கிறதாம். இவ்வளவு நாள் எனக்கே எப்படித் தெரியவில்லை என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். வலது கை எழுத வேண்டும் என்று போனை இடது காதிலேயே வைத்துப் பழகியது ஒரு காரணம். வேலைக்கும் பயமில்லை, இரண்டு பக்கச் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து தரும் வசதி கணினியிலேயே இருக்கிறது, அந்தக் கடைப் பெண்தான் சொன்னாள். அதிகாரியிடம் உள்ளதைச் சொல்லி, இரண்டு மாதத்துப் பதிவுகளை மறுபடி கேட்டுச் சரிபார்க்கிறேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. உன் அப்பா ஓய்வு பெற்றதிலிருந்து வாயே திறப்பதில்லை, சாயங்கால நடையில் கல்லோடு நடப்பது போலிருக்கிறது என்று உன்னிடம் எத்தனை தடவை புலம்பினேன், நீயும் அவரைக் கடிந்துகொண்டாய். வண்டிகள் என்னை உரசக் கூடாது என்று அவர் எப்போதும் என் வலது பக்கம்தான் நடப்பார். நேற்று அவரை எதிர்ச்சாரிக்கு இழுத்துப்போனேன், வண்டியும் அவரும் என் இடது பக்கம். மனுஷர் தெருமுனை வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார். தினமும் இப்படியா பேசுவீங்க என்று கேட்டேன். ஆமா, நீதான் பதிலே சொல்ல மாட்டே, என் மேல ஏதோ வருத்தம்னு நெனச்சு நானும் கேக்கல என்றார். அவர் மெல்லப் பேசுபவர், வண்டி இரைச்சலைத் தாண்டி அது என் இடது காதுவரை வந்ததே இல்லை. எனக்குத் தெருவிலேயே அழுகை வந்துவிட்டது.

உடம்பும் மனமும் நோகாமல் நூறு வயது இரு. அப்பாவைத் திட்டியதற்கு இரண்டு நல்ல வார்த்தை பேசு, நானும் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. உன் ஹெட்போனையும் இன்றைக்கே ஒருமுறை திருப்பி மாட்டிப் பார். ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறாய் என்று உன்னைத் திட்டுவேனே, இனி என்னால் நினைத்தாலும் அது முடியாது. நீங்கள் இருவரும் சொல்வதெல்லாம் எனக்குள்ளேயேதான் இருக்கும்.

இப்படிக்கு,
இடது பக்கமாக வந்து பேசினால் எல்லாம் கேட்கும்
உன் அம்மா