ஆறு சீட்டு, ஒரு வரி

செவ்வாய். மழை விடவில்லை.

தேயிலைக் கொழுந்து அரைக்கும் ரோலரின் பற்சக்கரத்தில் இன்று செல்வமேரியின் கை சிக்கியது. மூன்று விரல்கள் போய்விட்டன. மூடி இல்லாத அந்தச் சக்கரத்துக்காக அவள் ஆறு சீட்டு எழுதிப் பாதுகாப்பு முறைப்பாட்டுப் பெட்டியில் போட்டிருந்தாள். எல்லாம் ஒரே முறைப்பாடுதானே என்று கணினியில் ஒரே வரியாகச் சுருக்கியவன் நான்தான். பட்டியல் குறைந்ததென்று தோட்டத்துத் துரை பாராட்டினார். பட்டியலில் ஒரு தடவை மட்டும் வந்ததையெல்லாம் பிறகு பார்க்கலாம் என்று தள்ளியும் வைத்தார்; அதில் இதுவும் ஒன்று.

ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றும்போது கேட்டாள்: "ஆறு தடவ எழுதிப் போட்டேனே கிளாக்கரய்யா, நீங்க பாக்கலயா?"

நான் வண்டிக் கதவைச் சாத்தினேன்.

பார்த்தேன். ஒவ்வொன்றையும் வாசித்தேன். கடைசிச் சீட்டில் மூடியைப் பற்றி எதுவுமே இல்லை. "பயமா இருக்குங்க" என்று மட்டும் எழுதியிருந்தாள். அதைப் போடப் பட்டியலில் கட்டம் இல்லை.