‘பிரேக்!’ என்று கத்த முடியாத நாட்கள்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பல் டாக்டர் அம்மா மூன்று தடவை சடன் பிரேக் போட்டார். மூன்றாவது தடவை கழுத்தில் சுளீரென்று ஒன்று கிளம்பி, தோள் வழியாகக் கட்டைவிரல் வரை ஓடியது. கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நழுவி அவர் மடியில் கொட்டிவிட்டது. “பரவால்ல டீச்சர், என் பேஷண்டுங்க இதவிட மோசமா துப்புவாங்க” என்றார்.

டிரைவிங் ஸ்கூலில் பத்தொன்பது வருடமாகப் பக்கத்து இருக்கை எனக்கு. எல்லாரும் என் கழுத்தில்தான் பிரேக் பழகியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 11

ஸ்கேன் வந்துவிட்டது. கழுத்தெலும்புகளில் ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். ஆபரேஷன் செய்யாவிட்டால் வலது கை விளங்காமல் போகலாம். டாக்டர் என் முன்கழுத்தைத் தொட்டு, “இது வழியா உள்ள போவோம்” என்றார். வலி பின்னால், வெட்டு முன்னாலா?

“கொல்லைப்பக்கம் ஒழுகினாலும் வாசல் வழியாத்தானே போய்ப் பார்ப்பீங்க?”

விவரமான ஆள். பிறகு என்னென்ன கோளாறு வரலாம் என்று வாசித்துக் காட்டினார். ‘குரல் கம்மலாம்’ என்ற இடத்தில் என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. நான் பார்த்துவிட்டேன். அவர் நூலகர். பகலெல்லாம் ஊரையே ‘உஷ்’ என்று அடக்கிவிட்டு, சாயங்காலம் என்னிடம் வந்து மாட்டிக்கொள்கிறவர்.

பிப்ரவரி 20

நாளைக்கு ஆபரேஷன். பயமாக இருக்கிறது. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

பிப்ரவரி 23

கை வலி போயே போச்சு! பேனாவைப் பிடிக்க முடிகிறது. ஆனால் நர்ஸைக் கூப்பிட வாயைத் திறந்தால் டயரில் காற்று இறங்குகிற மாதிரி ‘ஸ்ஸ்’ என்றுதான் வருகிறது. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. “வீக்கம்மா, வடிஞ்சிரும்” என்கிறார் டாக்டர். வடியட்டும்.

மார்ச் 2

வீட்டுக்கு வந்தாயிற்று. கழுத்தைச் சுற்றிப் பெரிய காலர். குனியவும் முடியாது, திரும்பவும் முடியாது. ஆறு வாரத்துக்கு எல்லாரையும் அலட்சியமாகப் பார்க்கிற மாதிரியே இருக்க வேண்டியதுதான்.

நாத்தனார் வந்து இரண்டு மணி நேரம் பேசினாள். “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்கங்க அண்ணி.” அவள் ஒரு வாக்கியத்தை முடித்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

மகள் காலருக்குப் பின்னால் சிவப்பு ‘எல்’ ஸ்டிக்கர் ஒட்டிவிட்டிருக்கிறாள். மருந்துக்கடையில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே வழிவிட்டபோதுதான் தெரிந்தது. திட்டலாம் என்றால் ‘ஸ்ஸ்’.

மார்ச் 12

தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். இடது குரல்நாண் அசையவே இல்லையாம். ஆபரேஷனில் நரம்பு இழுபட்டிருக்கும் என்றார். “ஆறு வாரத்துல வரலாம், ஆறு மாசமும் ஆகலாம். சிலருக்கு… பார்ப்போம்.”

அந்த ‘சிலருக்கு’ காதிலேயே நிற்கிறது.

ஸ்கூல் முதலாளி போன் செய்தார். மகள் ஸ்பீக்கரில் போட்டாள். “ஏப்ரல் கடைசி வரைக்கும் உங்க சீட்டு உங்களுக்குத்தான் டீச்சர். அதுக்குள்ள குரல் வரலன்னா, ஆபீஸ்ல படிவம் நிரப்புற வேலை இருக்கு.” அதுவரை என் வண்டியில் ஸ்கூலின் இன்னொரு வாத்தியார், நாங்கள் பவுடர் என்று கூப்பிடுகிறவன், உட்காருவான். முகத்தில் அரை டப்பா அப்பாமல் ஸ்டியரிங் பக்கமே வர மாட்டான்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய் இருக்கு, சத்தம்தான் இல்லை. என்ன பண்ணப் போறேன்? கத்தறதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? அழுதேன். அதுவும் சத்தமில்லாமல்தான் வந்து தொலைத்தது.

மார்ச் 13

புரையேறாமலிருக்கத் தண்ணீரில் பொடி கலந்து கூழாக்கிக் குடிக்க வேண்டுமாம். ஸ்பூனால் தண்ணீர் சாப்பிட்டேன்.

மார்ச் 16

குரல் பயிற்சிக்கு வாடகைக் காரில் போனோம். வழியில் நான்கு வேகத்தடை. அந்த மனிதன் நான்கையும் பறந்தே தாண்டினான். வீட்டுக்கு வந்ததும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

வீட்டுக்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “நான் ஓட்டக் கத்துக்கப் போறேன்” என்றார்.

கல்யாணமாகி இருபத்துநான்கு வருடத்தில் மூன்று தடவை இவருக்குக் கற்றுக்கொடுத்துப் பார்த்தேன். மூன்றாவது தடவை நான் போட்ட சத்தத்தில் சிக்னலிலேயே வண்டியை நிறுத்தி, இறங்கி, வீட்டுக்கு நடந்து வந்துவிட்டார். பேச்சுக்குப் பதிலாக மகள் வாங்கித் தந்த எழுதுபலகையில் ‘வேண்டவே வேண்டாம்’ என்று எழுதிக் காட்டினேன்.

“உன்கிட்ட இல்லம்மா. பவுடர்கிட்ட.”

துரோகி!

ஏப்ரல் 7

காலரைக் கழற்றிவிட்டார்கள். எலும்பு நன்றாகக் கூடுகிறதாம். குரல் மட்டும் அப்படியேதான்.

திரும்பும்போது இவர் ஓட்டினார், இத்தனை நாள் வீட்டில் சும்மா நின்ற எங்கள் வண்டியை. நடைப்பயிற்சிக்குப் போகிற பெரியவர் ஒருவர் எங்களை முந்திப் போனார். போகட்டும். நான்கு வேகத்தடையிலும் என் கழுத்துக்கு ஒரு அசைவும் தெரியவில்லை. என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து எனக்குத்தான் கால் வலி. பதினொரு தடவை வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மனிதர் கண்ணாடியைப் பார்க்கிறார், சிக்னல் போடுகிறார், கியர் மாற்றுவதே தெரியவில்லை. நான் கத்தாமலிருந்தால் இவருக்கு எல்லாம் தெரிகிறது. எனக்கு இது பிடிக்கவில்லை.

ஏப்ரல் 15

வந்துவிட்டது!

குளிக்கும்போது வெந்நீர் என்று நினைத்துப் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். “அய்யய்யோ!” — என் வாயிலிருந்து. கரகரவென்று, யாரோ ஒரு ஆம்பளையுடைய குரல். ஆனால் குரல்! குழாயைத் திறந்துவிட்டு ஒன்று, இரண்டு என்று நூறு வரை எண்ணினேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அழுதேன்.

சொல்ல ஓடிவந்தால், இவர் கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, கையில் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்து ரிவர்ஸ் பழகிக்கொண்டிருக்கிறார். இருபத்துநான்காம் தேதி டெஸ்ட். குரல் வந்தது தெரிந்தால் இவருக்குக் கால் உதறும். தெரிந்த பிறகு நானும் சும்மா இருக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியாதா?

வாயை மூடிக்கொண்டேன். ஒன்பது நாள்தானே.

ஏப்ரல் 19

எதிரில் பால் வண்டி. சத்தம் தொண்டை வரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன், நிஜமாகவே. இவர் நிதானமாக ஒதுக்கி, நிறுத்தி, வழிவிட்டார். நாக்கு வீங்கியிருக்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

பாஸ்.

காகிதத்தைக் காட்டிவிட்டு உட்கார்ந்து பெல்ட் போட்டார். வண்டியைக் கிளப்பவில்லை. ஒன்பது நாளாகச் சேர்த்துவைத்ததைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “இனிமே பேசலாம்ல?” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“குழாயைத் திறந்துவிட்டா கேக்காதா? முப்பது வருஷமா அலமாரிக்குப் பின்னாடி குசுகுசுக்கறவங்களைப் புடிக்கிற காதும்மா இது.”

“அப்பவே ஏன் கேக்கல?” இரண்டு மாதத்துக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை. அதுவும் சண்டைதான்.

“கேட்டா நீ பேசுவ. பேசினா கத்துவ. நான் எறங்கிப் போயிருவேன். அப்புறம் உன்ன யாரு குலுங்காம கூட்டிட்டுப் போவாங்க?”

சேர்த்துவைத்ததையெல்லாம் விட்டுவிட்டு நானும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து முதலாளிக்கு நானே போன் செய்தேன். “திங்கள்கிழமை வர்றேன்” என்றேன். “சரி, யாரு சார் பேசறது?” என்றார்.

ஏப்ரல் 28, திங்கள்

அரைநாள் வேலைக்கு டாக்டர் சம்மதித்துவிட்டார். பவுடர் எழுந்து சீட்டைத் துடைத்துக்கொடுத்தான். ‘பிரேக்’ இப்போது பக்கத்து சீட்டு வரைக்கும்தான் கேட்கிறது. அதற்கே நிறுத்துகிறார்கள்.

காலையில் கொண்டுவந்து விட்டது இவர்தான். இறங்கும்போது, “நல்லா ஓட்டுனீங்க” என்றேன்.

“என்ன சொன்ன?” என்றார்.

கேட்டிருக்கும். அந்தக் காதுக்குக் கேட்காமலா? குனிந்து, ஜன்னல் வழியாக, இன்னொரு தடவை சொன்னேன்.