காதில் செருகிய ஈர்க்கு

இன்று காலை பள்ளிக்கூடத்து அடுப்படியைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த விளக்குமாற்றில் ஒரு ஈர்க்கை உருவி, துண்டாக ஒடித்து, நுனியைச் சுவரில் தேய்த்து மழுக்கி, காதுத் துளையில் செருகிக்கொண்டேன். மற்றக் காதுக்கும் ஒன்று. சுருக்கென்று வலித்தது. வலித்ததுதான் தாமதம், நீ ஞாபகத்துக்கு வந்துவிட்டாய். வந்தவள் சும்மா வந்தாயா? அந்தக் கோணல் சிரிப்போடு வந்து நின்றாய். எனக்கு வந்த கோபத்துக்கு விளக்குமாற்றைத் தூக்கி மூலையில் எறிந்தேன்.

இப்போது பிள்ளைகள் சாப்பிட்டு, சட்டி பானை கழுவி, மணி அடித்து எல்லாரும் வீட்டுக்குப் போயாகிவிட்டது. எனக்குத்தான் போகப் பிடிக்கவில்லை. உட்காருகிறேன், எழும்புகிறேன், போனை எடுத்துப் பார்க்கிறேன், திரும்ப இடுப்பில் செருகுகிறேன். மழை வருமா வராதா என்று எட்டிப் பார்க்கிறேன். யாரிடமாவது சொன்னால்தான் ஆறும். உன்னைத் தவிர யாரிடம் போய்ச் சொல்ல? நீ கேட்டுவிட்டு "போடி பைத்தியம்" என்பாய், அவ்வளவுதானே.

நாம் இரண்டு பேரும் தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு இந்தச் சமையலை எடுத்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாடு. சாமானை நாம் வாங்கிச் சமைத்துப் போட வேண்டும், தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து அரசாங்கம் பிறகு பணம் போடும். நமக்கு என்ன சந்தோஷம்! அட்டை கடிக்காது, மழையில் நனைய வேண்டாம், கங்காணி கத்த மாட்டார். மாதா மாதம் காசு வரும் என்று பள்ளிக்கூடத்து அதிபர் சொன்னதை நாம் அப்படியே நம்பினோம். ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. பில்லை மூன்று பிரதி எடுத்துக்கொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறி, கல்வி அலுவலகத்தில் வரிசையில் நின்றோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சிங்கள நோனா தலையைக்கூட நிமிர்த்தாமல், "சல்லி தாம ஆவே நே, அக்கே" என்றார். காசு இன்னும் வரவில்லையாம்.

வரும் வழியில் நீ சொன்னது இப்போதும் காதில் நிற்கிறது. "அடியே, இந்த அரசாங்கத்த மட்டும் நம்ம சீட்டுல சேத்துறாத. மொத சீட்ட எடுத்துட்டு ஓடிரும்." பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

அரசாங்கம் பிந்தினால் பிள்ளைகளுக்குப் பசி பிந்துமா? கொட்டகலை பசாரில் முதலாளியிடம் கடனுக்கு வாங்கினோம். ஒரே பருப்புக்கு அவரிடம் மூன்று விலை. கையில் காசைக் கொடுத்தால் ஒரு விலை. கடன் கொப்பியில் எழுதி வாங்கினால் அதைவிடக் கூட. கார்டைத் தேய்த்தால் அதற்கும் தனியாக நூற்றுக்கு இவ்வளவு என்று ஏற்றுவார். நான் சண்டைக்குப் போனேன். "அது பேங்க்காரன் புடிக்கிறது அக்கா, நா என்ன செய்ய?" என்று அவர் கையை விரித்தார். நீ என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, "பருப்பு ஒண்ணுதான்டி. நம்ம இல்லாமைக்குத்தான் மூணு வெலை" என்றாய்.

காசு வந்த மாதத்திலாவது நிம்மதி உண்டா? பணம் விழுவது அவர்கள் சொன்ன வங்கியில், உன் பேரில். அந்த வங்கி நம் பசாரில் இல்லை. பக்கத்து வங்கி மெஷினில் எடுத்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெட்டுவான். வெட்டாமல் எடுக்க வேண்டுமென்றால் ஹட்டனுக்கு பஸ் காசு, அரை நாள் வேலை. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்து, எதில் நட்டம் குறைவு என்று அந்த மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டே நாம் வாக்குவாதப்படுவோம். பின்னால் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். "நம்ம காச நாம எடுக்க நாமளே கூலி குடுக்கணுமா?" என்று நீ மெஷினைப் பார்த்தே கேட்பாய், அது ஏதோ பதில் சொல்லப் போகிற மாதிரி.

பிறகு பள்ளிக்கூடத்தில் அந்தத் தவணை வந்தது. மாதங்கள் போயும் ஒரு சதம் வரவில்லை. முதலாளி இனிக் கடன் இல்லை என்றுவிட்டார். அதிபர் நல்ல மனுஷர்தான், அவரும் என்ன செய்வார்? "முட்டை நாள்ல பாதி பாதியா வெட்டிப் போடுங்களேன்" என்றார். நீ கேட்கவில்லை. "அரை முட்ட வச்சா புள்ளைங்க மஞ்சக் கருவுக்குச் சண்ட போடும் சேர். வச்சா முழுசா வைப்போம், இல்லாட்டி வைக்க வேணாம்" என்றாய். அன்று மத்தியானமே ஹட்டனில் அடகுக் கடைக்குள் நுழைந்தோம். சீட்டு எடுத்து நீயே வாங்கிய சிவப்புக்கல் தோடு. அம்மா வீட்டில் போட்டதுமில்லை, புருஷன் வாங்கித் தந்ததுமில்லை. அதைக் கழற்றும்போது உன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் அடையாள அட்டையை அன்று வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாய். "ஒன் பேருல வச்சா என்ன, என் பேருல வச்சா என்ன? அடுத்த மாசம் எடுக்கத்தான போறோம்" என்றாய். சரியென்று என் பேரில் வைத்தோம்.

அடுத்த நாள் காதுத் துளை தூர்ந்துவிடாமலிருக்க ஈர்க்கைச் செருகிக்கொண்டு வந்தாய். சாப்பாட்டு வரிசையில் நின்ற வாண்டு ஒன்று, "ஏன் காதுல வெளக்கமாறு?" என்று கேட்டது. நான் அதட்டப் போனேன். நீ அகப்பையை நிறுத்தி, குனிந்து, ரகசியம் சொல்கிற மாதிரி, "இதுவா? இது கவர்மென்ட் தோடு. எல்லாருக்கும் குடுக்க மாட்டாங்க" என்றாய். அந்தப் பிள்ளையும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனது.

அடுத்த மாதமும் எடுக்கவில்லை, அதற்கடுத்த மாதமும் எடுக்கவில்லை. அவர்கள் பிந்தப் பிந்த வட்டி ஏறியது. அந்த வட்டியை எந்தப் பில்லில் எழுதுவது? வேறு வேலைக்குப் போய்விடலாம் என்று நான் சொன்னபோதெல்லாம், "இப்ப விட்டோம்னா பழைய காசும் போயிரும்டி" என்றாய். அது உண்மைதான். நம்மை இந்த அடுப்போடு கட்டிப் போட்டிருந்ததே அவர்கள் தர வேண்டிய காசுதான். இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு வலிக்கிறது என்றாய். திங்கட்கிழமை அடுப்பு மூட்ட நான் மட்டும்தான் இருந்தேன்.

உன்னைக் குளிப்பாட்டும்போது காதில் ஈர்க்கு இருந்தது. "எடுத்துருங்க, வெறுங் காதாவே போகட்டும்" என்று யாரோ சொன்னார்கள். நான்தான் எடுத்தேன். கொழும்பில் புடவைக் கடையில் வேலை செய்யும் உன் மகள், ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கியவள், வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தத் தோடு ஏலத்துக்குப் போகக் கூடாது, அவள் காதில்தான் ஏற வேண்டும் என்று அன்றைக்கே உன் தலைமாட்டில் நின்று சொன்னேன். உனக்குக் கேட்டிருக்காது.

அதற்குப் பிறகு நான் செய்த கூத்தைக் கேள். இனிச் சமையல் பணம் என் பேரில் வர வேண்டுமே என்று அதே வங்கிக்குக் கணக்குத் திறக்கப் போனேன். ஏன் எதற்கு என்று கேட்டார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிகிறதா எனக்கு? நீ போன கதை முழுவதையும் சொல்லி அழுது, மரணச் சான்றிதழையும் எடுத்துக் காட்டினேன். அந்த வங்கிப் பிள்ளைகள் தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். அலுவலகத்தில் கேட்டால், புதிய பில் என் பேருக்கு வரும், பழைய பில் எல்லாம் பழைய பேருக்கே போகும் என்றார்கள். சரி, உன் கார்டு என்னிடம் இருக்கிறது, ரகசிய இலக்கம் நம் இரண்டு பேருக்கும் தெரியும், வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

போன வாரம் உன் மகள் போன் எடுத்தாள். உன் போன் அவளிடம்தான் இருக்கிறது. "பெரியம்மா, அம்மா போனுக்கு மெசேஜ் வந்திருக்கு. காசு விழுந்திருக்கு" என்றாள். அடகுத் தவணை முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது. ஈரக் கையைத் துடைக்காமலே பஸ் ஏறினேன். மெஷினில் கார்டைப் போட்டு இலக்கத்தை அழுத்தினேன். காசும் வரவில்லை, கார்டும் வரவில்லை. விழுங்கிவிட்டது. உள்ளே ஓடினேன். முன்பு தண்ணீர் கொடுத்த அதே தம்பி, "அம்மா, நீங்கதானே மரணச் சான்றிதழ் காட்டினீங்க? அன்னைக்கே கணக்க நிப்பாட்டிட்டோம். காசு உள்ள வரும், வெளிய எடுக்க ஏலாது. அவங்க மக வரணும். கிராம சேவகர் கடிதம், சத்தியக் கடதாசி எல்லாம் வேணும். கொஞ்சம் நாளாகும்" என்றான்.

"செத்தவளுக்குக் காசு போடத் தெரியுது. உசுரோட இருந்தப்ப போடத் தெரியலையா?" என்று கத்தினேன். வங்கியே திரும்பிப் பார்த்தது. "போட வேண்டியது நாங்க இல்லையே அம்மா" என்றான் மெதுவாக. அதுவும் சரிதானே. அவனைத் திட்டி என்ன பிரயோசனம்?

உன் தோடு என் பேரில், நம் உழைப்பு உன் பேரில். நடுவில் நான் ஹட்டன் பஸ் நிலையத்தில் மழையில் நின்றேன். ஒரு பஸ்ஸை விட்டேன், இன்னொன்றையும் விட்டேன். கால் தானாக அடகுக் கடைக்குப் போனது. என் தோட்டைக் கழற்றித் தராசில் வைத்தேன். உன்னுடையதைவிட எடை குறைவு, உனக்குத்தான் எப்போதும் பெரிய கை. கடைக்காரர் மூக்குத்தியைப் பார்த்தார். "அதப் பாக்காதீங்க" என்றேன். குறைந்த பணத்துக்கும் வட்டிக்கும் சீட்டுக்குக் கட்ட வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். சிவப்புக்கல் இரண்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் சுற்றி என் கைக்கு வந்தன. ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

சனிக்கிழமை ரயிலில் வந்தாள் உன் மகள். குளிருக்குக் கட்டுகிற மாதிரி மப்ளரைக் காது மூடக் கட்டிக்கொண்டு போனேன். தோட்டைக் கொடுத்ததும் கண்ணாடியில் போட்டுப் பார்த்து, "அம்மா மாதிரி இருக்கா?" என்று கேட்டாள். "ஒங்கம்மாவுக்கு மூக்கு இவ்வளவு பெருசு இல்ல" என்றேன். சிரித்தாள், பிறகு என் தோளில் விழுந்து அழுதாள். நானும்தான். ஞாயிறு பகல் கொட்டகலை ஸ்டேஷனில் ரயில் புறப்படும்போது கதவோரத்தில் நின்றுகொண்டு, "மப்ளரக் கழட்டுங்க பெரியம்மா, வெயிலடிக்குது" என்றாள். நான் அசையவில்லை. "எனக்குத் தெரியும். கடதாசி எல்லாம் எடுத்துட்டு வாரேன். காசு வந்ததும் மொதல்ல ஒங்க தோடு" என்று கத்திக்கொண்டே போனாள். உன் மகள் வேறு எப்படி இருப்பாள்?

அது வருகிற நாளில் வரட்டும். புதிய தவணை பில்லும் போய்ச் சேர்ந்திருக்கிறது, என் பேரில். போன் இன்னும் வாய் திறக்கவில்லை. விட்டுவிடலாமா என்று இந்த வாரம் எத்தனை தரம் நினைத்தேன் தெரியுமா? விட்டால் பழைய காசும் போய்விடும். நீதானே சொன்னாய்.

இன்று பகல் வரிசையில் சின்ன வகுப்புப் பிள்ளை ஒன்று என்னை அண்ணாந்து பார்த்து, "ஏன் காதுல குச்சி வச்சிருக்கீங்க?" என்றது. எனக்கு உன் மாதிரி பதில் வராது. அகப்பையோடு அப்படியே நின்றேன். அதற்குள் பின்னால் நின்ற பெரிய வகுப்புப் பெண் பிள்ளை தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஐயே, இதுகூடத் தெரியாதா? அது கவர்மென்ட் தோடுடி. மற்ற அம்மாவும் போட்டிருந்தாங்கல்ல" என்றது.

வரிசையே சிரித்தது. நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். இன்று முட்டை நாள். ஒவ்வொரு தட்டிலும் முழு முட்டையாக வைத்தேன்.