சேலைகளுக்குப் பின்னால் நின்ற துவக்கு

அன்பு நிரோஷ்,

நாளை மாலை எங்கள் மதிப்பீட்டு அறிக்கையை வாசிக்கிறார்கள். பொலிஸ், நகரசபை, தேவாலயம், நம் தமிழ்ச் சங்கம் எல்லாம் சேர்ந்து நம் சுவிஸ் ஊரான ஷ்லீரனில் துவக்குச் சாவுகளை, துப்பாக்கியால் போகும் உயிர்களை, குறைத்தார்களா என்று பார்த்த அறிக்கை. "தமிழர் ஒத்துழைப்பு மிகச் சிறப்பு" என்று ஒரு வரி. எழுதியவன் நான். கூட்டத்துக்கு வந்தோம், ரோல்ஸ் தின்றோம், படம் எடுத்தோம். அதற்குப் பெயர் ஒத்துழைப்பு.

வீடு வீடாகக் கேட்கவிருந்த கேள்விகளின் தமிழ்ப் படிவத்தைக் கூட்டத்தில் நான் வாசித்த அன்று, சங்கத் தலைவராக உன் அப்பா எழும்பினாரே, ஞாபகமா?

"வீட்டிலை துவக்கு இருக்கோ எண்டு எங்களையோ கேக்கிறியள்? துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனமப்பா நாங்கள்!"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் கேள்வியை அங்கேயே வெட்டினேன். துவக்கைத் திருப்பிக் கொடுக்கும் வழியைச் சொன்ன குறிப்பும் அதோடு போனது.

அப்போதும் உன் ராணுவத் துவக்கு அலுமாரியில், அம்மாவின் சேலைகளுக்குப் பின்னால் நின்றது. எல்லோருக்கும் தெரியும். நீ ராணுவப் பயிற்சி முடித்து, இங்கத்தைய வழக்கப்படி அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, அதோடு உன்னை நிறுத்திப் படம் எடுத்து அப்பா யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். அவருக்கு அது துவக்கில்லை, பிள்ளை சுவிஸ்காரன் என்பதற்கு அத்தாட்சி. இங்கேயே பிறந்த எனக்கும் ஏன் அது துவக்காகத் தெரியவில்லை?

கூட்டம் முடிந்து வாசலில் நீ கேட்டாய்: "மச்சான், அதை ஆமியிட்டையே திருப்பிக் குடுத்து வைக்கலாமோ? ஏனெண்டு கேப்பாங்களோ?"

"அதுக்குப் பதில் ஜேர்மன் படிவத்திலை கிடக்கு, வாசி. ஏன்டா, அம்மாவுக்குச் சேலை வைக்க இடமில்லையோ?"

நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பு முகத்தில் எவ்வளவு நேரம் நின்றது? நான் பார்க்கவில்லை. எனக்குப் பஸ் வந்துவிட்டது.

மூன்று கிழமையில் அந்தத் துவக்காலேயே நீ உன்னை முடித்துக்கொண்டாய். ஊருக்கு விபத்து என்று சொன்னோம். அறிக்கையில் அதுகூட இல்லை.

நேற்று உன் அப்பா வந்தார். "அறிக்கையிலை அவன்ர பேர் வேண்டாம் தம்பி" என்றார். கதவு வரை போய்த் திரும்பினார். "அந்தக் கேள்வியைத் திரும்பப் போடும். ஆமித் துவக்கையும் சேர்த்துக் கேளும். முதல் எங்கட வீட்டிலை கேளும். நான் ஓம் எண்டு சொல்லவேணும்."

நாளை எல்லோர் முன்னாலும் என் வரியை நானே வெட்டுவேன். பிறகு உங்கள் வீட்டிலிருந்து தொடங்குவேன். யாரும் கேட்காவிட்டாலும் ஒவ்வொரு வாசலிலும் இதைச் சொல்வேன்: ஆமியில் ஏனென்று கேட்க மாட்டார்கள், துவக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும்.

உனக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டிய
உன் மச்சான்,
கஜன்